கியர்பாக்ஸை இறக்கச் சொல்வதற்கு முன்: வாசகர் கேள்வி – பதில்

கிளட்ச், கியர்பாக்ஸ் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்கும் மேற்பட்டவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: “இந்த ஒர்க்‌ஷாப் சொல்வதை நம்பலாமா?”

கேள்வி: மேனுவல் கியர் கார். மேடு ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வேகம் ஏறவில்லை. ஒரு மெக்கானிக் “கிளட்ச் போயிடுச்சு” என்கிறார். இன்னொருவர் “கியர்பாக்ஸ் ஸ்லிப் ஆகுது, இறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும்” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: முதலாமவர். மேனுவல் கியர்பாக்ஸ் வழுக்காது. உள்ளே பல்லோடு பல் கோத்துத்தான் சக்கரம் சுழல்கிறது. அது கெட்டால் கத்தும், கரகரக்கும், கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்து வரும், அல்லது கியரே விழாது. இன்ஜின் சுற்று ஏறி வேகம் ஏறாமல் இருப்பது உராய்வில் வேலை செய்யும் பாகத்தின் கோளாறு. மேனுவல் காரில் அப்படி இருப்பது கிளட்ச் ஒன்றுதான். மேனுவல் காரைப் பார்த்து “கியர்பாக்ஸ் ஸ்லிப்” என்று சொல்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். இன்ஜின் சூடானதும், ஆள் நடமாட்டம் இல்லாத நேர் சாலையில் 50 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் விருட்டென்று எகிறி, ஸ்பீடோமீட்டர் மெதுவாகப் பின்தொடர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் வழுக்கல் இல்லை. பிக்கப் குறைவுக்கு இன்ஜின் பக்கம்தான் காரணம் தேட வேண்டும். கைபிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்ப்பதும் உண்டு. செய்தால் ஒரே ஒரு தடவை. திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்ச் பிளேட்டும் (உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு) கருகிவிடும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். கேபிள் கிளட்சாக இருந்தால், பெடலில் தளர்வே இல்லாமல் கேபிள் இறுகிப் போயிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பெடலை விரலால் அழுத்தினால் எடை தெரிவதற்கு முன் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பது காரின் கையேட்டில் இருக்கும். அந்தத் தளர்வைச் சரி செய்ய ஐந்து நிமிடம் போதும். இதைப் பார்க்காமலே “கிளட்ச் செட் மாத்தணும்” என்று எஸ்டிமேட் எழுதும் கடை, ஓட்டிப் பார்க்கவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை என்று அர்த்தம். சில கார்களில் கேபிள் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு, அங்கே இந்த வேலை கிடையாது.

கேள்வி: ரிவர்ஸ் போடும்போது “கர்ர்” என்று உரசுகிறது. சில நேரம் முதல் கியரும் விழுவதில்லை. சின்க்ரோ (கியர் விழும் முன் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பிரிக்கச் சொல்வதற்கு முன் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது வழவழவென்று விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மறுத்தால் கியர்பாக்ஸின் மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அணைந்திருக்கும்போதும் முரண்டு பிடித்தால் கியர் கேபிள், லிங்கேஜ் (கியர் லீவரை கியர்பாக்ஸோடு இணைக்கும் தண்டுகள்), அதற்குப் பிறகுதான் உள் பாகங்கள்.

இன்னொன்று: நியூட்ரலில் இன்ஜின் ஓடட்டும். பெடலை அடிவரை அழுத்தி, நான்கு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது என்பதால் அவசரமாகப் போட்டால் நல்ல காரிலும் உரசும். பொறுத்துப் போட்டும் உரசினால் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் இன்புட் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது கிளட்ச் முழுதாக விடாமல் இழுக்கிறது. காரணங்கள் பல: நீண்டுபோன கேபிள், ஹைட்ராலிக் குழாயில் காற்று, பெடலை அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் உள்ளுக்குள்ளேயே கசிவது, வளைந்த பிளேட், துருப்பிடித்த ஸ்ப்ளைன் (பிளேட் தண்டில் கோக்கும் பல்வரிசை). முதல் மூன்றுக்கும் கியர்பாக்ஸை இறக்கவே வேண்டாம்.

மற்ற கியர்கள் நன்றாக விழுந்து, ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும், அதுவும் வேகமாக மாற்றும்போது மட்டும் கரகரத்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லலாம். அப்போதுகூட முதலில் கேட்க வேண்டிய கேள்வி “உள்ளே எந்த ஆயில் இருக்கிறது?” என்பதே. ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், அதில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளை வளையத்தைக் கெடுக்கலாம். வளையம் பிடிக்கவும் நேரமாகும். ஆயிலை மாற்றியே சரியான கேஸ்கள் உண்டு. வளையம் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் ஆயில் காப்பாற்றாது.

கேள்வி: சத்தத்தை வைத்து எதில் கோளாறு என்று சொல்ல முடியுமா? ஒர்க்‌ஷாப்பில் போய் எப்படி விவரிப்பது?

பதில்: முடியும். வண்டி நிற்கட்டும், நியூட்ரல், இன்ஜின் ஓடட்டும். கிளட்ச் பெடலில் இருந்து காலை எடுத்தால் சத்தம் வந்து, பெடலை அழுத்தினால் நின்றுவிட்டால் கியர்பாக்ஸ் இன்புட் தண்டின் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். லேசான கடகடப்பு மட்டும் என்றால் டூயல் மாஸ் எனப்படும் இரட்டை ஃபிளைவீலாகவும் (ஃபிளைவீல் என்பது இன்ஜின் முனையில் சுழலும் கனமான தட்டு) இருக்கலாம். நேர்மாறாக, அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். ஓடும்போது எல்லா கியரிலும் வேகத்தோடு கூடும் ஊளை என்றால் அவுட்புட் தண்டு, டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுப்பது) பேரிங். வளைவில் திரும்பும்போது ஊளை மாறினால் வீல் பேரிங்காகவும் இருக்கலாம். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்த கியர்தான்.

கடையில் “சத்தம் வருது” என்று சொல்லாதீர்கள். எந்தக் கியர், என்ன வேகம், பெடல் மேலேயா கீழேயா, இன்ஜின் குளிர்ந்தா சூடாகவா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தாளைப் படித்துவிட்டு “வாங்க, கூட உட்காருங்க, ஓட்டிப் பார்ப்போம்” என்கிற இடத்தில் வண்டியை விடலாம். தாளை வாங்கி டாஷ்போர்டில் போட்டுவிட்டுச் சாவியைக் கேட்கிற இடத்தில் யோசிக்க வேண்டும்.

கேள்வி: கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா? செட்டாக மாற்றச் சொல்வது கடைக்காரரின் வியாபாரம்தானே?

பதில்: இந்த விஷயத்தில் கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. முன்சக்கர இழுவைக் காரில் பிளேட்டைத் தொட வேண்டுமானால் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்களைக் கழற்ற வேண்டும், இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், சில கார்களில் அடியில் உள்ள சட்டமான சப்ஃபிரேமையே இறக்க வேண்டும். கார் எது என்பதைப் பொறுத்து நான்கு முதல் எட்டு மணி நேர வேலை. பில்லில் லேபர்தான் பெரிய பங்கு. பிளேட்டை மட்டும் போட்டுப் பழைய ரிலீஸ் பேரிங்கை விட்டுவைத்தால், அது ஆறு மாதத்தில் கத்தத் தொடங்கும்போது இதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும்.

ஆகவே பிளேட், அதை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாக. பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறை) தண்டைச் சுற்றி உட்காரும் வகை ஹைட்ராலிக் சிலிண்டர் உங்கள் காரில் இருந்தால் அதுவும் கூடவே. அது கசிந்தால் திரவம் நேராகப் புதுப் பிளேட்டில்தான் விழும். இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன்பக்க சீல் இரண்டையும் கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஈரம் தெரிந்தால் மாற்ற வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் சீல்களும் அப்படியே. இவற்றுக்குப் பாகத்தின் விலையும் கொஞ்சம் கூடுதல் நேரமும்தான் செலவு, இறக்கி ஏற்றும் கூலியை இன்னொரு தடவை பில்லில் சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள்.

எஸ்டிமேட்டில் கியர்பாக்ஸ் ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்தாலே ஆயில் கொட்டிவிடும். சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ் ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை பிடிக்கும். பில்லில் ஆயிலே இல்லை என்றால் பழையதையே பிடித்து ஊற்றியிருக்கிறார்கள், அல்லது ஊற்றவே இல்லை.

கேள்வி: கிளட்ச் செட் மாற்றி நான்கு மாதம்தான். மறுபடி உதறல், கருகிய வாடை. “நீங்க கிளட்ச் மேலயே காலை வச்சு ஓட்டுறீங்க” என்கிறது ஒர்க்‌ஷாப். நிரூபிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. கழற்றிய பிளேட் பொய் சொல்லாது. கழற்றும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அல்லது கழற்றிய நிலையில், துடைக்காமல் படம் கேட்டு வாங்க வேண்டும்.

பிளேட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உராய்வுப் பட்டை கண்ணாடி போலப் பளபளத்து, பிரஷர் பிளேட்டில் நீலம் பூத்த புள்ளிகளும் நூல் போன்ற வெடிப்புகளும் இருந்தால் அதிகச் சூடு. பாதி அழுத்தியே ஓட்டுவது, மேட்டில் பிரேக்குக்குப் பதில் கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எல்லாம் இதைச் செய்யும். அப்படி இருந்தால் ஒர்க்‌ஷாப் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெடல் தளர்வு வைக்காமல் இறுக்கிப் பூட்டியிருந்தாலும் இதே தடம்தான் வரும். ஆகவே கழற்றுவதற்கு முன்னால் தளர்வை அளந்து குறித்து வையுங்கள்.

பட்டை தடிமனாகவே இருந்து, கருத்து, ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் ஏறியிருக்கிறது. முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு, இன்ஜின் ஆயிலுக்குக் கிடையாது. எந்த சீல் கசிந்தது என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும். சீலைப் பார்க்காமல் பிளேட்டைப் பூட்டியது அவர்கள் தவறு. ஸ்ப்ளைனுக்குத் தாராளமாக கிரீஸ் பூசியிருந்தால் அது தெறித்து நடுவிலிருந்து வெளியே கோடு கோடாகப் பரவியிருக்கும். மெல்லிய பூச்சு பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும் என்பது பால பாடம்.

ஃபிளைவீல் பக்கப் பட்டை மட்டும் தேய்ந்திருக்கிறதா? எதிரே இருந்த ஃபிளைவீல் முகம் சரியில்லை. பள்ளம் விழுந்த, சூட்டில் கடினப்பட்ட ஃபிளைவீலின் மேல் புதுப் பிளேட்டை வைத்தால் கிளட்ச் விடும்போது உதறும். ஒற்றை ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து மெல்லியதாக ஒரு முகம் எடுத்திருக்க வேண்டும். படி வைத்த வகை என்றால் பிளேட் உட்காரும் முகத்தையும் பிரஷர் பிளேட் பூட்டும் முகத்தையும் ஒரே அளவு குறைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிடிப்பே மாறிவிடும்.

அடுத்தது ஹப், அதாவது தண்டில் கோக்கும் பிளேட்டின் நடுப்பகுதி. நடுவில் உள்ள சுருள்கள் ஆடுகின்றனவா, ஹப் கோணலாக இருக்கிறதா? கியர்பாக்ஸை ஏற்றும்போது ஜாக்கில் தாங்காமல், இன்புட் தண்டு பிளேட்டுக்குள் போனதும் முழு எடையையும் அதில் தொங்கவிட்டால் ஹப் வளையும். இரண்டு ஆள் தோள் கொடுத்துத் தூக்கிப் பூட்டும் கடைகளில் இது சகஜம். கியர்பாக்ஸும் இன்ஜினும் நேர்கோட்டில் நிற்பதற்கான டவல் பின்கள் தொலைந்து, போல்ட்டை மட்டும் நம்பிப் பூட்டியிருந்தாலும் இதே கதி. பிளேட்டைத் திருப்பிப் போட்டிருந்தால் ஹப் ஃபிளைவீலில் உரசிய தடம் பளிச்சென்று தெரியும். எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பிளேட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

இவை எதுவும் இல்லாமல், பட்டை இரு பக்கமும் ஒரே சீராக ரிவெட் வரை தேய்ந்திருந்தால் அது ஆயுள் முடிந்த பிளேட். ரிவெட் தலைக்கும் பட்டையின் முகத்துக்கும் இடையே 0.3 மி.மீ. மட்டுமே மிச்சம் என்பது பல தயாரிப்பாளர்கள் வைக்கும் எல்லை. நான்கே மாதத்தில் அந்த எல்லை வந்திருந்தால் ஓட்டியவரையும் விசாரிக்கலாம், போட்ட பிளேட் அசலா என்றும் விசாரிக்கலாம்.

கேள்வி: டீசல் கார். டூயல் மாஸ் ஃபிளைவீலையும் மாற்றச் சொல்கிறார்கள். லேத்தில் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர்.

பதில்: தெரிந்தவர் ஒற்றை ஃபிளைவீல் காலத்து ஆள் போலிருக்கிறது. டூயல் மாஸ் என்பது இரண்டு தட்டுகளுக்கு நடுவே வளைவான சுருள்களும் கிரீஸும் வைத்து மூடிய பாகம். பொதுவாக லேத்தில் கடையக் கூடாது. சூடு பட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறும், சுருளின் கோளாறு லேத்தில் தீரவும் தீராது.

அதற்காகக் கிளட்ச் மாற்றும்போதெல்லாம் அதையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டும் என்றும் இல்லை. அளந்து பார்க்கலாம். இரண்டு தட்டுகளும் ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி சுழல்கின்றன, எத்தனை மில்லிமீட்டர் ஆடுகின்றன என்பதற்குப் பாகத்தைத் தயாரித்த நிறுவனம் வரம்பு வைத்திருக்கும். “ஆட்டம் எவ்வளவு, வரம்பு எவ்வளவு?” என்று கேளுங்கள். இரண்டு எண்கள் பதிலாக வந்தால் நம்பலாம். கிரீஸ் வெளியே கசிந்திருந்தாலோ முகத்தில் வெடிப்பு இருந்தாலோ அளவே தேவையில்லை, மாற்ற வேண்டியதுதான். இன்ஜினை அணைக்கும்போது “டமார் டமார்” என்று ஒரு தட்டல் கேட்கிறதா என்று வீட்டிலேயே கவனியுங்கள். ஆடிப்போன டூயல் மாஸின் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: ஆட்டோமேடிக் கார். இன்ஜின் விளக்கு எரிந்தது, வேகம் ஏறவில்லை. ஸ்கேனர் மாட்டி “பி0700 கோட் வந்திருக்கு, கியர்பாக்ஸ் மாத்தணும்” என்கிறார்கள்.

பதில்: பி0700 ஒரு நோயின் பெயர் அல்ல. “கியர்பாக்ஸ் கன்ட்ரோல் யூனிட்டில் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்” என்று இன்ஜின் கணினி கை காட்டுவது மட்டுமே. அந்த யூனிட்டோடு பேசத் தெரிந்த ஸ்கேனரை மாட்டி, அதற்குள் இருக்கும் கோடைப் படிக்க வேண்டும். பி0715 வந்தால் இன்புட் வேக சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. வயர், கனெக்டர், சென்சார் என்ற வரிசையில் பார்ப்பார்கள். பி0741 வந்தால் டார்க் கன்வெர்ட்டரின் (ஆட்டோமேடிக்கில் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக விசையைக் கடத்தும் பாகம்) பூட்டுக் கிளட்ச் சரியாக வேலை செய்யவில்லை. பி0730 என்றால் கேட்ட கியருக்கும் கிடைத்த சுழற்சிக்கும் கணக்கு இடிக்கிறது. ஆயில் குறைவிலிருந்து உள்ளே எரிந்த கிளட்ச் வரை எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவுமே தனியாக நின்று “கியர்பாக்ஸை மாற்று” என்று சொல்லாது.

வேகம் ஏறாததற்குக் காரணம், பாதுகாப்புக்காக யூனிட் தன்னை ஒரே கியரில் கட்டிப்போட்டுக்கொள்வது. பேட்டரி வலுவிழந்தால்கூட சில கார்களில் இது நடக்கும், ஆகவே வோல்ட்டேஜ் பார்ப்பதுதான் முதல் வேலை. பிறகு ஆயில் அளவும் நிலையும். அதன் பிறகு வரைபடம் பார்த்து வயரிங், தேவைப்பட்டால் அழுத்த அளவு, கடைசியாக அடித்தட்டைக் கழற்றிப் பார்ப்பது. அடித்தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெலிதாக ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்த்தால் மின்னும் உலோகத் துணுக்குகள், பித்தளை நிறச் சீவல்கள், கறுப்பு உராய்வுத் துகள்கள் இருந்தால் உள்ளே பிரித்தாக வேண்டும். ஆயில் இளஞ்சிவப்புப் பால் போல மாறியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் உராய்வுத் தகடுகளின் ஒட்டு விட்டுவிடும்.

கேள்வி: ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு “ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்” என்று கையேட்டில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்போ ஃபிளஷ் (கருவி மாட்டிப் பழைய ஆயிலை மொத்தமாகத் தள்ளி எடுப்பது) செய்யச் சொல்கிறது.

பதில்: இரண்டுமே மிகை. “ஆயுள்” என்பது யாருடைய ஆயுள் என்று கையேடு சொல்வதில்லை. அதே கையேட்டின் கடுமையான பயன்பாட்டுப் பட்டியலில் பல சமயம் மாற்றும் இடைவெளி தனியாக இருக்கும். பாரம் இழுப்பது, நெரிசலில் ஊர்வது, வெப்பம் எல்லாம் அதில் அடக்கம். டார்க் கன்வெர்ட்டர் வகையில் அடியில் திறந்துவிட்டால் வருவது மொத்த ஆயிலில் பாதிகூட இருக்காது, மிச்சம் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நிற்கும். கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்றுவது நிதானமான வழி. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸுக்கு ஃபிளஷ் மருந்தல்ல.

கடையைச் சோதிக்க இங்கே ஒரு கேள்வி உண்டு: “லெவல் எப்படிப் பார்ப்பீர்கள்?” டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ் என்றால், வண்டியைச் சமமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலை குறித்த அளவுக்கு வரும்போது லெவல் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலை ஒவ்வொரு கியர்பாக்ஸுக்கும் வேறு. “வடிஞ்ச அளவு ஊத்திடுவோம்” என்றால் வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே கசிந்து குறைந்திருந்தால் அந்தக் குறை அப்படியே தொடரும். பெல்ட்டும் புல்லியும் வைத்து இயங்கும் சிவிடி கியர்பாக்ஸில் சிவிடி ஆயில் மட்டுமே, சாதாரண ஆட்டோமேடிக் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேயும்.

கேள்வி: ஏஎம்டி கார் (மேனுவல் கியர்பாக்ஸையும் கிளட்சையும் கணினி இயக்கும் வகை). கிளட்ச் மாற்றியதிலிருந்து குதித்துக் குதித்துப் போகிறது.

பதில்: ஸ்கேனரில் கிளட்ச் கற்பித்தல் செய்யாமல் விட்டிருப்பார்கள். புதுப் பிளேட் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று யூனிட்டுக்குத் தெரியாமல், பழைய பிளேட்டின் கணக்கிலேயே ஓட்டுகிறது. அந்த வசதி தங்களிடம் இருக்கிறதா என்று வேலையைக் கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். உலர் டூயல் கிளட்ச் (ஆயிலில் நனையாத இரண்டு கிளட்ச்) கார்களில் இன்னும் ஒரு படி அதிகம்: கழற்றவும் பூட்டவும் தனிக் கருவி, சில வகைகளில் உயரம் அளந்து ஷிம் (மெல்லிய இடைத்தகடு) தேர்ந்தெடுப்பது. அந்தக் கருவி இல்லாத கடையில் கைத்திறனை நம்பிக் கொடுக்கக் கூடாத வேலை அது.

கேள்வி: போனில் பேசும்போதே நல்ல ஒர்க்‌ஷாப்பா என்று கணிக்க முடியுமா? கம்பெனி சர்வீஸ் சென்டர், தனிக் கடை, கியர்பாக்ஸ் மட்டும் பார்ப்பவர், யாரிடம் போவது?

பதில்: மேனுவல் கிளட்ச் என்றால் ஒழுங்கான எந்தத் தனிக் கடையும் போதும். ஆட்டோமேடிக்கின் உள்வேலைக்கு அதை மட்டுமே செய்கிறவர் மேல். பல சர்வீஸ் சென்டர்கள் உள்ளே பிரிப்பதே இல்லை, முழு யூனிட்டாக மாற்றிவிடுவார்கள். வாரண்டி மிச்சமிருக்கும் காரை அங்கே தவிர வேறெங்கும் திறக்கவிடாதீர்கள்.

போனில் கார் மாடலையும் வருடத்தையும் மட்டும் கேட்டு உடனே தொகை சொல்பவரைவிட, “எந்த கியரில், எப்போது?” என்று திருப்பிக் கேட்பவர் தேவலை. நீங்கள் கேட்க வேண்டியவை: கியர்பாக்ஸைப் பிரிப்பது நீங்களா, வெளியே அனுப்புவீர்களா? அனுப்பினால் வாரண்டி யார் பெயரில்? பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பார்ப்பது நல்ல அடையாளமே. இலவசமாகப் பார்க்கிறவர் அந்த நேரத்தின் காசை வேறு எங்காவது எடுத்தாக வேண்டும்.

நேரில் போனால் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை: கியர்பாக்ஸ் ஜாக், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் கருவி), பிளேட்டை மையப்படுத்தும் கருவி. பிரஷர் பிளேட் போல்ட்களை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கமாக ஏர் கன்னால் அடித்து முடித்தால் தட்டு வளையும். கழற்றிய போல்ட்கள் தனித்தனித் தட்டில் இருக்கின்றனவா, எல்லாம் ஒரே வாளியிலா என்பதையும் போகிறபோக்கில் பாருங்கள். கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதும் கடையில் நீங்களும் நிற்க வேண்டாம். பழைய உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு.

கேள்வி: பிரித்த பிறகு எஸ்டிமேட் இரண்டு மடங்காகிவிட்டது. வண்டி பாகம் பாகமாகக் கிடக்கிறது. ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பதில்: இப்போதைக்கு: சேதமான பாகங்களை வரிசையாக வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எது ஏன் போனது என்று பாகம் பாகமாகக் கேளுங்கள். வேறொருவரை அழைத்து வந்து காட்டக் கேளுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் மறுக்க மாட்டார்.

கியர்பாக்ஸ் வேலையில் திறந்த பிறகு தொகை கூடுவது தன்னளவில் ஏமாற்று அல்ல. உள்ளே எத்தனை பேரிங் தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. சிக்கல், கூடினால் என்ன செய்வது என்று முன்கூட்டி எழுதாததில் இருக்கிறது. அடுத்த முறை சாவி கொடுக்கும் முன் எஸ்டிமேட்டில் இவை இருக்கட்டும்: இறக்கிப் பிரித்துப் பார்க்க மட்டும் எவ்வளவு; மேற்கொண்டு வேண்டாம் என்றால் பூட்டித் தர எவ்வளவு; எந்தத் தொகைக்கு மேல் போனால் கேட்காமல் செய்யக் கூடாது; பாகங்களும் லேபரும் தனித்தனியாக, பாக எண்ணோடு; பழைய பாகங்கள் திரும்ப வேண்டும். வாரண்டி பாகத்துக்கு மட்டுமா லேபருக்கும் சேர்த்தா என்பதும் எழுத்தில் வேண்டும். கிளட்ச் வேலையில் லேபர் இல்லாத வாரண்டிக்கு அதிக மதிப்பில்லை. ஓசியில் ஒரு பிளேட் கிடைக்கும், அதைப் பூட்ட மறுபடி முழுக் கூலி.

கேள்வி: ஆட்டோமேடிக் கியர்பாக்ஸை ரீபில்ட் செய்வதா, வேறு காரில் கழற்றிய பழையதைப் போடுவதா?

பதில்: பழையது உள்ளே எப்படி இருக்கிறது என்று பூட்டி ஓட்டும் வரை யாருக்கும் தெரியாது. போட்டே ஆக வேண்டும் என்றால் கியர்பாக்ஸ் கோட் ஒன்றாக இருக்க வேண்டும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் ஃபைனல் டிரைவ் விகிதம் (சக்கரத்துக்குப் போகும் முன் உள்ள கடைசிப் பல் விகிதம்) மாறுபடலாம். கன்ட்ரோல் யூனிட்டை மறுபடி புரோகிராம் செய்யவும் வேண்டியிருக்கலாம்.

ரீபில்ட் என்றால் என்னென்ன என்று பட்டியல் கேளுங்கள். சீல், கேஸ்கட் மட்டும் மாற்றிவிட்டு “ரீபில்ட்” என்று பில் போடுபவர்கள் உண்டு. உராய்வுத் தகடுகள், ஸ்டீல் தகடுகள், புஷ்கள், ஃபில்டர், டார்க் கன்வெர்ட்டர் புதிதா ரீகண்டிஷனா என்பது எல்லாம் அதில் வர வேண்டும். கூலரையும் குழாய்களையும் என்ன செய்தார்கள் என்பது மிக முக்கியம். பழைய கியர்பாக்ஸின் துகள்கள் கூலரில் தங்கியிருந்தால் முதல் நாளே புதியதற்குள் போய்விடும். கன்வெர்ட்டரை முழுதாக உள்ளே உட்கார வைக்காமல் போல்ட்டை இறுக்கி ஆயில் பம்பை உடைப்பது இன்னொரு பழகிய விபத்து. உட்கார்ந்திருக்கிறதா என்பதை, பூட்டும் முன் கன்வெர்ட்டருக்கும் பெல் ஹவுசிங் விளிம்புக்கும் உள்ள ஆழத்தை அளந்து தெரிந்துகொள்வார்கள்.

கேள்வி: அசல் கிளட்ச் செட்டா, டூப்ளிகேட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெட்டியைப் பிரிக்கும்போது உடனிருங்கள். லூக், சாக்ஸ், வேலியோ, எக்ஸெடி போன்றவை கார் கம்பெனிகளுக்கே கிளட்ச் கொடுப்பவை. அவற்றின் பெயரில்தான் போலியும் வரும். பெட்டியில் உள்ள பாக எண்ணும் பிளேட்டில் பொறித்த எண்ணும் கம்பெனி கேட்லாக்கோடு பொருந்த வேண்டும். புதுப் பிளேட்டைப் பழையதன் மேல் வைத்து விட்டம், ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, ஹப் உயரம் மூன்றையும் ஒப்பிட்டுவிட்டால் தவறான மாடல் பாகமும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கேள்வி: வண்டியை எடுக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: காசு கொடுப்பதற்கு முன் மெக்கானிக்கை உடன் உட்காரவைத்து ஓட்டுங்கள். மேட்டில் நிறுத்தி எடுங்கள், உதறக் கூடாது. எல்லா கியரும், ரிவர்ஸ் இரண்டு மூன்று தடவை. பெடல் பிடிக்கும் இடம் முன்பைவிட மாறியிருக்கும், அது சரிதான். ஆனால் தரையை ஒட்டியே பிடித்தாலோ, பெடல் மேலே திரும்பாமல் பாதியில் நின்றாலோ ஹைட்ராலிக்கில் காற்று மிச்சம். சப்ஃபிரேம் இறக்கியிருந்தால் நேர் சாலையில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அலைன்மென்ட் வேண்டும். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கரத்துக்குப் போகும் சென்சார் வயரை இழுத்துவிட்டிருக்கலாம். வண்டியைத் தூக்கச் சொல்லி, கீழே இருந்து பெல் ஹவுசிங் போல்ட் துளைகள் எதுவும் காலியாக இல்லை என்பதையும், இன்ஜின் மவுண்ட் போல்ட்களையும், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் உறை கிழியவில்லை என்பதையும் பாருங்கள்.

பில்லில் ஓடோமீட்டர் எண்ணை எழுத வையுங்கள், வாரண்டி அதிலிருந்துதான் தொடங்கும். இரவு நிறுத்தும் இடத்தில் பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போட்டு வைத்துக் காலையில் பாருங்கள். முதல் 500 கி.மீ. வரை முழு ஆக்சிலேட்டரில் புறப்படுவது, பாரம் இழுப்பது, மேட்டில் கிளட்சில் பிடித்து நிறுத்துவது மூன்றும் வேண்டாம். பட்டை ஃபிளைவீல் முகத்தில் படிந்து பொருந்த அந்த அவகாசம் தேவை. லேசான புது வாடை முதல் சில ஓட்டங்களில் வரலாம். 500 தாண்டியும் வந்தால் வாரண்டித் தாளோடு திரும்பப் போங்கள்.